நானூறு படி ஏறும் மூட்டு வலி

கடிதம்

மதிப்பிற்குரிய மேடம் அவர்களுக்கு வணக்கம்.

எனக்கு வயது 62. திருச்சி உறையூரில் சொந்த வீட்டில் இருக்கிறேன். துவாக்குடி பக்கம் பாய்லர் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் 34 வருடம் வேலை பார்த்து, தரக் கட்டுப்பாட்டில் சீனியர் இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றேன். வெல்டிங் போட்ட இடத்தை எக்ஸ்ரே எடுப்பார்கள். அந்த ஃபிலிமை வைத்து உள்ளே குறை இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வது என் வேலை. நான் கையெழுத்துப் போடாமல் ஒரு குழாய் வெளியே போகாது. பெருமைக்குச் சொல்லவில்லை. தப்பைத் தப்பு என்று சொல்லிப் பழகிய ஆள் என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும், அதற்காகச் சொல்கிறேன்.

என் குறை என்னவென்றால், வெளியே போனால் யாருக்கும் எதுவும் உறைப்பதில்லை. தட்டிக் கேட்க நாதியில்லை. கேட்கிற ஒருவனையும் பைத்தியக்காரனைப் பார்ப்பது போல் பார்க்கிறார்கள்.

போன மாதம் சத்திரம் பேருந்து நிலையத்தில் டவுன் பஸ் ஏறினேன். கண்டக்டர் எனக்கு மூன்று ரூபாய் பாக்கி தர வேண்டும். "இறங்கும்போது வாங்கிக்கங்க" என்றார். ஒரு நாளைக்கு எத்தனை பேரிடம் இப்படிச் சொல்வார், கணக்குப் போட்டுப் பாருங்கள். நான் இப்போதே வேண்டும் என்றேன். பையைக் கவிழ்த்துக் காட்டுகிறார், சில்லறை இல்லையாம். நான் விடவில்லை. டிப்போ மேனேஜர் நம்பரைக் கேட்டேன். முன் சீட்டிலிருந்த ஒரு அம்மா திரும்பி, "மூணு ரூபாய்தானே சார், நான் தரட்டுமா?" என்று பர்ஸைத் திறக்கிறார்! மேடம், எனக்கு மூன்று ரூபாய்க்கா கேடு? பஸ் நிறைய ஆள். "சார் சொல்றது நியாயம்" என்று ஒரு வாய் திறக்கவில்லை.

அதே பஸ்ஸில் ஒரு பையன் போனில் சத்தமாக ரீல்ஸ் பார்த்துக்கொண்டு வந்தான். குறை என்றேன். குறைத்தான். ஆனால் குறைக்கும்போது பக்கத்தில் இருந்தவனைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்தான். அந்தச் சிரிப்பு என்னை இரண்டு நாள் தூங்கவிடவில்லை.

சூப்பர் மார்க்கெட்டில் பில் போடும் பெண், கேட்காமலே பைக்கு ஏழு ரூபாய் சேர்த்துவிட்டாள். ஜவுளிக்கடை வாட்ச்மேன் என் பையை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு டோக்கன் கொடுத்தான். எனக்குப் பின்னால் வந்த பெண்மணி அதைவிடப் பெரிய பையோடு உள்ளே போனார். கேட்டால் "லேடீஸ் ஹேண்ட்பேக் சார்" என்கிறான். எல்லா இடத்திலும் கேட்டேன். ஒரு இடத்திலும் விடவில்லை. தில்லைநகரில் மட்டும், கட்சிக் கொடி கட்டிய பெரிய வண்டி ஒன்று ஒன்வேயில் எதிரே வந்து என்னை ஓரத்தில் தள்ளியது. அன்று பேங்குக்கு நேரமாகிவிட்டதால் வண்டி நம்பரைக் குறித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

தப்பு மட்டுமே பார்ப்பவன் என்று என்னை நினைத்துவிடாதீர்கள். உதவி என்றால் முதலில் நிற்பவன் நான்தான். மழையில் ஒதுங்கி நின்ற ஒரு காலேஜ் பையனை என் ஸ்கூட்டரில் ஏற்றி, என் வழியே இல்லாத வழியில், புத்தூர் நால்ரோடு வரை கொண்டுபோய் விட்டேன். இறங்கினான், "வரேன் சார்" என்று சொல்லிவிட்டு நடக்க ஆரம்பித்தான். ஒரு தேங்க்ஸ் கிடையாது. கூப்பிட்டு, "தேங்க்ஸ் சொல்லணும்னு வீட்டுல சொல்லிக் கொடுக்கலையா?" என்று கேட்டேன். கேட்டது தப்பா? ஒருமுறை பஸ்ஸில் ஒரு பள்ளிக்கூடப் பெண் மேல் சாய்ந்து சாய்ந்து வந்தவனை "தள்ளி நில்லுய்யா" என்றேன், அடுத்த ஸ்டாப்பில் இறங்கிவிட்டான், அது சின்ன விஷயம். நான் சொல்ல வருவது, இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு நன்றி என்பதே இல்லை.

கம்பெனியில் இப்படி இல்லை மேடம். குறை கண்டால் வெல்டரை நான்கு பேர் முன்னால் திட்ட மாட்டேன். தனியாகக் கூப்பிட்டு, வியூவரில் ஃபிலிமை மாட்டி, "இங்க பாருப்பா" என்று காட்டுவேன். அவனே பார்த்துத் தலையை ஆட்டுவான். அந்த மாதிரி மனுஷர்கள் வெளியே இல்லை.

வெளியாட்களை விடுங்கள். போன தீபாவளிக்குத் துணி எடுத்துவிட்டு நானும் மனைவியும் டிபன் சாப்பிட ஒரு ஹோட்டலுக்குப் போனோம். வடநாட்டுப் பையன் ஒருவன் பரிமாறினான். சாம்பார் என்று மூன்று முறை கேட்டேன். சட்னியைக் கொண்டுவந்து ஊற்றுகிறான். மேனேஜரைக் கூப்பிட்டு, "தமிழ் தெரியாதவனை ஏன் டேபிளுக்கு அனுப்பறீங்க?" என்று கேட்டேன். கொஞ்சம் சத்தமாகத்தான் கேட்டேன், ஹோட்டலில் இரைச்சல். பிறகு கை கழுவப் போனேன். வாஷ்பேசினுக்கு மேல் கண்ணாடி. அதில் பார்த்தால், என் மனைவி அந்தப் பையனிடம் ஏதோ சொல்லி, அவன் கையில் நாலாக மடித்த ஐம்பது ரூபாய் நோட்டை வைக்கிறாள். தப்பு செய்தவனுக்குக் கூலி! கட்டின புருஷன் பேசியதற்கு அவள் யாரோ ஒருவனிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறாள். நான் பார்த்ததை இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை. அவளும் எதுவும் சொல்லவில்லை. அவள் எப்போதுமே எதிர்த்துப் பேச மாட்டாள், 36 வருடத்தில் ஒரு சொல் பேசியதில்லை, அந்த விஷயத்தில் நான் கொடுத்து வைத்தவன். ஆனால் அந்த ஐம்பது ரூபாய் என்னை அறுக்கிறது.

இப்போதெல்லாம் தனியாகத்தான் வெளியே போகிறேன். மனைவிக்குத் தீபாவளியிலிருந்து மூட்டு வலி. கடைத்தெரு, கல்யாணம், காதுகுத்து எதற்கும் வருவதில்லை (சங்கடஹர சதுர்த்திக்கு எதிர் வீட்டு அம்மாவோடு மலைக்கோட்டை ஏறிவிட்டு வந்தாள், அது சாமி காரியம்). தனியாகப் போவதால்தான் போன வாரம் ஒரு கல்யாண மண்டபத்தில் பந்தியில் எனக்கு இடம் பிடித்து வைக்க ஆளில்லை. நான் உட்காரப் போன நாற்காலியில் ஒருவர் கைக்குட்டையைப் போட்டுவிட்டு, "ஆள் வருது" என்கிறார். பந்தியில் துண்டு போட்டு இடம் பிடிப்பது எந்த ஊர் நியாயம்? அங்கேயும் கேட்டேன். மாப்பிள்ளையின் சித்தப்பா வந்து என் தோளில் கைபோட்டு, வேறு பந்திக்கு அழைத்துப் போனார், குழந்தையை அழைத்துப் போவது போல.

பெங்களூரில் இருக்கும் என் மகளிடம் சொன்னால் "விடுங்கப்பா" என்கிறாள். அவர்கள் ஊருக்கு வந்தால்கூட முன்பு போல் வெளியே சாப்பிடப் போவதில்லை, போனிலேயே வரவழைத்துவிடுகிறார்கள். பேரன் மட்டும் "தாத்தா, இன்னைக்கு யார்கூட?" என்று கேட்பான்.

என் அப்பா யாரிடமும் வாய் திறக்காத மனிதர். ரேஷன் கடையில் எடை குறைந்தாலும் பேசாமல் வாங்கி வருவார். அப்படி இருக்கக் கூடாது என்று சின்ன வயதிலேயே முடிவு செய்தவன் நான். இப்போது கேட்கிறேன். தட்டிக் கேட்பது தவறா? ஜனங்கள் ஏன் இப்படி மரத்துப்போனார்கள்? இதையெல்லாம் பார்த்தும் பார்க்காமல் இருக்க ஏதாவது வழி, மூச்சுப் பயிற்சி மாதிரி, இருந்தால் சொல்லுங்கள். டாக்டர் பிரஷர் கூடிவிட்டது என்கிறார்.

இப்படிக்கு,
உறையூர் வாசகர்

பதில்

அன்புள்ள சார்,

மூட்டு வலியிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

உங்கள் கடிதத்தில் மூன்று ரூபாய்க்கு ஒரு பத்தி முழுக்க இருக்கிறது. அந்தப் பையனின் சிரிப்புக்கு இரண்டு நாள் தூக்கம் போயிருக்கிறது. உங்கள் மனைவி எதற்கும் உங்களோடு வருவதில்லை என்பதற்கு இரண்டு வரி. அதில் ஒரு வரியை அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டு, உடனே பந்தி நாற்காலிக்குப் போய்விட்டீர்கள். நான் போகவில்லை, அங்கேயே நின்றுவிட்டேன்.

மலைக்கோட்டைக்கு நானும் போயிருக்கிறேன். கீழே மாணிக்க விநாயகர் சன்னிதியில் ஆரம்பித்து, பாதியில் தாயுமானவர், அப்புறம் பாறையில் வெட்டிய படிகள், உச்சிப் பிள்ளையார். நானூறு படிக்கு மேல். அந்தக் கடைசிப் படிகளில் என்னோடு வந்த இளம் பெண்களே மூச்சு வாங்க உட்கார்ந்தார்கள். மூட்டு வலிக்காரர்களுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் உயிர் போகும். உங்கள் மனைவி ஏறியும் இருக்கிறார், இறங்கியும் இருக்கிறார். ஹோட்டலுக்கோ கல்யாணத்துக்கோ போக எத்தனை படி சார்?

34 வருடம் ஃபிலிம் பார்த்த கண் உங்களுடையது. தீபாவளிக்குத் துணி எடுத்த அன்று ஹோட்டல் சம்பவம். தீபாவளியிலிருந்து மூட்டு வலி. இரண்டையும் உங்கள் கையாலேயே எழுதியிருக்கிறீர்கள், ஆனால் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை. பார்க்கத் தெரியாமல் இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பார்த்துவிட்டீர்கள், அதனால்தான் அடைப்புக்குறி போட்டீர்கள்.

அந்த நோட்டைப் பற்றிப் பேசுவோம். நாலாக மடித்தது என்று எழுதியிருந்தீர்கள். அவசரத்தில் பர்ஸிலிருந்து எடுத்துக் கொடுக்கும் நோட்டை யாரும் நாலாக மடிப்பதில்லை. அது முன்பே மடித்த நோட்டு. துணி எடுக்கப் புடவை கட்டிக்கொண்டு கிளம்பும்போதே, இன்றைக்கு எங்கோ, யாரிடமோ இது தேவைப்படும் என்று எடுத்து வைத்திருக்கிறார். அதற்கு முன் எத்தனை நோட்டு போயிருக்கும் என்று எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. அன்று கண்ணாடி இருந்ததால் ஒன்றைப் பார்த்தீர்கள்.

அவர் உங்களைக் காட்டிக்கொடுத்துவிட்டார் என்று நினைக்கிறீர்கள். நான் வேறு மாதிரி நினைக்கிறேன். மனசுக்குள் கைவிட்டுவிட்ட ஆளுக்காக யாரும் மன்னிப்புக் கேட்பதில்லை. "அவர் நல்ல மனுஷன்தான்ப்பா, மனசுல வெச்சுக்காதே" என்கிற மாதிரி ஏதாவது சொல்லியிருப்பார். அந்தப் பையனுக்கு அந்தத் தமிழ் புரிந்திருக்காது, அதனால்தான் நோட்டு. ஊரைவிட்டு ஆயிரம் மைல் தள்ளி வந்து, சாம்பாருக்கும் சட்னிக்கும் பெயர் பழகிக்கொண்டிருக்கிற பையன் உங்களைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டு அன்றிரவு படுப்பான் என்று அவருக்குக் கவலை. உங்கள் மரியாதையைக் காப்பாற்ற அவரால் முடிந்தது அது. அதையும் ஒரு அளவுக்குமேல் செய்ய முடியாமல் போனபோது மூட்டு வலிக்க ஆரம்பித்துவிட்டது.

இங்கே கொஞ்சம் கடுமையாகப் பேசுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 36 வருடத்தில் மனைவி ஒரு சொல் எதிர்த்துப் பேசியதில்லை, அதில் நான் கொடுத்து வைத்தவன் என்று எழுதியிருக்கிறீர்கள். தட்டிக் கேட்க நாதியில்லை என்று ஊரைத் திட்டும் அதே கடிதத்தில்தான் இதுவும் இருக்கிறது. ஊரில் எல்லோரும் உங்களைப் போல் வாய் திறக்க வேண்டும், வீட்டில் மட்டும் யாரும் திறக்கக் கூடாதா? நீங்கள் அப்படி நினைத்து நடந்திருக்க மாட்டீர்கள். ஆனால் அப்படித்தான் ஆகியிருக்கிறது. உங்களோடு 36 வருடம் இருந்தவருக்கு "இன்னைக்கு நீங்க பேசினது எனக்குப் பிடிக்கலை" என்று ஒரு வாக்கியம் சொல்ல வழியில்லாமல், ஐம்பது ரூபாயை மடிக்க வேண்டியிருந்திருக்கிறது, முழங்காலைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்திருக்கிறது. மகள் "விடுங்கப்பா" என்பதோடு நிறுத்திக்கொண்டு போனில் சாப்பாடு வரவழைக்கிறாள். உங்கள் வீட்டில் எல்லோரும் உங்களிடம் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள் சார். வாயால் பேசவில்லை, அவ்வளவுதான்.

ரேஷன் கடையில் பேசாமல் எடை குறைந்ததை வாங்கி வந்த உங்கள் அப்பாவைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். எங்கள் தொழிலில் அதைப் பிடித்துக்கொண்டு அங்கேயே கூடாரம் போட்டுவிடுவோம். நான் இப்போது போடப்போவதில்லை. அவர் மேல் உங்களுக்கு இருக்கும் கோபமும் பாசமும் உங்களுக்கே தெரியும். ஒன்று மட்டும். அவர் வீட்டில் பேசாமல் இருந்தவர் எடைக்கல்லுக்குப் பயந்தவர். உங்கள் வீட்டில் பேசாமல் இருப்பவர் யாருக்குப் பயந்தவர்?

ஜனங்கள் ஏன் மரத்துப்போனார்கள் என்று கேட்டிருந்தீர்கள். இதைப் பற்றி நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள். 1968-இல் அமெரிக்காவில் இரண்டு உளவியலாளர்கள், லட்டானே, டார்லி என்று பெயர், ஒரு அறையில் ஆட்களை உட்காரவைத்துச் சுவரின் துளை வழியாகப் புகையை விட்டார்கள். தனியாக இருந்தவர்களில் நான்கில் மூன்று பேர் எழுந்து போய்ச் சொன்னார்கள். கூட இருந்த இருவர் கண்டுகொள்ளாதது போல நடித்தபோது, பத்தில் ஒருவர்தான் எழுந்தார். பக்கத்து ஆள் சும்மா இருந்தால் விஷயம் ஒன்றுமில்லை போலிருக்கிறது என்று மனசு எடுத்துக்கொள்கிறது. இதுவரை உங்கள் கட்சி. ஆனால் 2019-இல் வந்த இன்னொரு ஆய்வு இருக்கிறது. ஆம்ஸ்டர்டாம், லான்காஸ்டர், கேப் டவுன் நகரங்களின் தெருக் கேமராக்களில் பதிவான 219 தகராறுகளை உட்கார்ந்து பார்த்தார்கள். பத்தில் ஒன்பதில் யாராவது ஒருவராவது குறுக்கே போய்த் தடுத்தோ சமாதானப்படுத்தியோ இருக்கிறார். அதனால் ஜனங்கள் அப்படியொன்றும் மரத்துவிடவில்லை. உங்கள் பஸ்ஸிலேயே ஒரு அம்மா குறுக்கே வந்தாரே, பர்ஸைத் திறந்துகொண்டு. மண்டபத்தில் ஒரு சித்தப்பா வந்தார். அவர்கள் உதவிக்குத்தான் வந்தார்கள். அந்த இடத்தில் உதவி தேவைப்பட்டவர் யார் என்பதில்தான் உங்களுக்கும் அவர்களுக்கும் கருத்து வேறுபாடு.

நீங்கள் தட்டிக் கேட்ட ஆட்களை வரிசையாக எழுதிப் பார்த்தேன். கண்டக்டர், பில் போடும் பெண், வாட்ச்மேன், பரிமாறும் பையன், லிஃப்ட் கேட்காமலே லிஃப்ட் கிடைத்த பையன். நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்ப்பவர்கள், வேலை போய்விடுமோ என்று பதில் பேசாதவர்கள் இதில் எத்தனை பேர் என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள். கொடி கட்டிய வண்டி வந்த அன்று உங்களுக்கு பேங்குக்கு நேரமாகிவிட்டது. அதைக் குறையாகச் சொல்லவில்லை, நானாக இருந்தாலும் ஓரமாகத்தான் போயிருப்பேன். ஆனால் நியாயத்துக்காகத்தான் எல்லா இடத்திலும் பேசினேன் என்று சொல்லும்போது அந்த வண்டியையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

"வரேன் சார்" என்று சொல்லிவிட்டுப் போன பையனைப் பற்றி. நம் ஊரில் "வரேன்" என்று சொல்லிவிட்டுப் போவதே நன்றிதான். உங்கள் அம்மாவுக்கு நீங்கள் எத்தனை முறை தேங்க்ஸ் சொல்லியிருக்கிறீர்கள்? அவன் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டான். நீங்கள் கூப்பிட்டு ரசீது கேட்டுவிட்டீர்கள்.

இவ்வளவு திட்டிவிட்டேன். இப்போது உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறேன், அதையும் நீங்கள் ஒற்றை வரியில் தாண்டிப் போயிருக்கிறீர்கள். பள்ளிக்கூடப் பெண் மேல் சாய்ந்து வந்தவனிடம் "தள்ளி நில்லுய்யா" என்றீர்கள். இரண்டே சொல். அவன் இறங்கிப்போனான். அந்தப் பெண் தேங்க்ஸ் சொன்னாளா என்று நீங்கள் எழுதவில்லை, நினைவிலும் இருக்காது. பஸ்ஸில் வேறு யார் ஆதரவாகப் பேசினார்கள் என்றும் எழுதவில்லை. "சின்ன விஷயம்" என்கிறீர்கள். அந்தப் பெண் நாற்பது வயதாகும்போதும் அந்த பஸ்ஸையும் முன்பின் தெரியாத ஒரு பெரியவரின் குரலையும் நினைத்துக்கொள்வாள். மூன்று ரூபாய்க்கு டிப்போ வரை போன ஆளும் நீங்கள்தான், இரண்டு சொல்லில் ஒரு குழந்தையை வீடு சேர்த்த ஆளும் நீங்கள்தான். ஒன்றில் உங்கள் கண் அந்தப் பெண் மேல் இருந்தது. மற்றதிலெல்லாம் ஊர் உங்களை என்ன நினைக்கிறது என்பதில் இருந்தது.

கம்பெனியில் உங்களுக்கு மரியாதை கிடைத்ததற்குக் காரணம் அங்கே நல்ல மனுஷர்கள் இருந்தார்கள் என்பது மட்டும் இல்லை. நீங்கள் அங்கே வெல்டரைத் தனியாகக் கூப்பிட்டு வியூவரில் காட்டினீர்கள். அவன் பக்கத்தில் நின்று, இரண்டு பேருமாக ஃபிலிமைப் பார்த்தீர்கள். வெளியே வந்த பிறகு ஏனோ எதிரே நின்று பார்க்க ஆரம்பித்துவிட்டீர்கள். ஓய்வு பெற்றவர்கள் நிறையப் பேரிடம் இதைப் பார்க்கிறேன். கையெழுத்துப் போட்டால்தான் குழாய் வெளியே போகும் என்று 34 வருடம் இருந்துவிட்டு, ஒரு நாள் காலையில் எழுந்தால் நம் கையெழுத்துக்காக எதுவும் காத்திருக்கவில்லை. டவுன் பஸ் நம்மைக் கேட்காமலே கிளம்புகிறது. அது வலிக்கும். அந்த வலியை நான் சிறிதாக நினைக்கவில்லை. ஆனால் கண்டக்டர் அதற்குப் பொறுப்பில்லை.

மூச்சுப் பயிற்சி கேட்டிருந்தீர்கள். பிரஷருக்கு டாக்டர் சொன்ன மாத்திரையைச் சாப்பிடுங்கள், காலையில் நடங்கள். அதற்கு மேல் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. ஒரு நாள் சாயங்காலம், டிவி ஓடாத நேரம் பார்த்து, மனைவியிடம் கேளுங்கள்: "அன்னைக்கு ஹோட்டல்ல அந்தப் பையன்கிட்ட என்ன சொன்னே?" பார்த்ததை மறைக்காதீர்கள், கண்ணாடியில் பார்த்தேன் என்று சொல்லிவிடுங்கள். அவர் முதலில் "ஒண்ணுமில்லையே" என்பார். அப்போது எழுந்து போய்விடாமல் உட்கார்ந்திருங்கள். ஏன் கேட்கிறீர்கள் என்றால், "தெரிஞ்சுக்கணும்னு கேட்கறேன்" என்று மட்டும் சொல்லுங்கள். அன்றைக்கே பேசுவார் என்று நான் உத்தரவாதம் தர மாட்டேன். 36 வருடப் பழக்கம், இரண்டு மூன்று முறை கேட்க வேண்டியிருக்கலாம். பேச ஆரம்பித்தால், நடுவில் விளக்கம் சொல்லாதீர்கள். சாம்பார் மூன்று முறை கேட்டது உங்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அவர் சொல்வதில் நான்கு தப்பு இருக்கும், தேதி தப்பு, ஹோட்டல் பெயர் தப்பு. திருத்தாதீர்கள். உங்களுக்கு இது சுலபம் இல்லை என்று தெரிந்துதான் சொல்கிறேன்.

அப்புறம் அடுத்த சங்கடஹர சதுர்த்திக்கு, "நானும் வரட்டுமா?" என்று கேட்டுப் பாருங்கள். வேண்டாம் என்றால் போகாதீர்கள். எதிர் வீட்டு அம்மாவோடு போகும் அந்த ஒரு நாள் அவருக்கு எதையும் மடித்து எடுத்துப் போக வேண்டியிராத நாள், அதை உடனே பிடுங்கிக்கொள்ள வேண்டாம். சரி என்றால், செருப்பு வைக்கும் இடத்தில் டோக்கனுக்கு எவ்வளவு கேட்டாலும் கொடுத்துவிட்டு ஏறுங்கள்.

இன்னொன்று. நான் இவ்வளவு எழுதிய பிறகும், அவருக்கு மூட்டு வலி உண்மையாகவே இருக்கலாம். இந்த வயதில் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். நேரில் பார்க்காமல் என்னால் சொல்ல முடியாது. சாமிக்காக வலியைப் பொறுத்துக்கொண்டு மலை ஏறுகிற பெண்கள் நம்மில் எத்தனையோ பேர். எட்டு மாதமாகியும் டாக்டரிடம் காட்டியதாக நீங்கள் எழுதவில்லை. அழைத்துப் போய் ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள், ஃபிலிமைப் பார்க்க உங்களைவிட ஆள் யார்? கூட்டமாகத்தான் இருக்கும். உங்களுக்குப் பின்னால் வந்தவரை முன்னால் கூப்பிடுவார்கள். டோக்கன் கொடுக்கும் பெண் காலை எட்டு மணியிலிருந்து நின்றுகொண்டிருப்பாள்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்